மடியில் இருந்த கை

பிப்ரவரி 4

சம்பந்தி ஐயாவுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். மனசு வரவில்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். இங்கேதான் ஒருத்தி, உங்கள் பேச்சை யாராவது எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுகிறாள்.

சம்பந்தி என்று எழுதியதற்குக் கோபம் வந்தால் வரட்டும். உங்கள் மகள் என் மகனைக் கட்டிக்கொண்ட பிறகு நம் இரண்டு பேருக்கும் அதைத் தவிர வேறு என்ன உறவுப் பெயர் இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். இஸ்திரிக்கடைக்காரி என்று எழுதினால் உங்களுக்குச் சௌகரியமாக இருக்குமென்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஊரே என்னை அப்படித்தான் கூப்பிடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகனுக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்திருக்கிறது. இங்கே பார்த்த அதே லிப்ட் மெக்கானிக் வேலைதான். மார்ச் கடைசியில் இரண்டு பேரும் புறப்படுகிறார்கள். போனால் எப்போது திரும்புவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. போவதற்கு முன்னால் அப்பாவை ஒரு எட்டு பார்த்துவிட்டு வா என்று மருமகளிடம் படித்துப் படித்துச் சொன்னேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவர் இந்த வீட்ல ஒரு வாய் தண்ணி குடிக்கட்டும் அத்தை. அதுவரைக்கும் நான் அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

எதைச் சொல்கிறாள் என்று உங்களுக்குத் தெரியும். கல்யாணப் பதிவு முடிந்த மறுவாரம் வந்தீர்கள். உச்சி வெயில். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்ததில் உதடு காய்ந்து வெடித்திருந்தது. நான் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன் என்று சொல்லிவிட்டீர்கள். உங்கள் தெரு ஆட்கள் எங்கள் தெருவில் பச்சைத் தண்ணீர்கூடத் தொட மாட்டார்கள் என்பது எனக்குப் புதிதல்ல. நீங்கள் போட்டிருந்த சட்டை மாதிரி எத்தனையோ சட்டைகளைத் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்து மடித்துக் கொடுத்தவள் நான். என் கை பட்ட சட்டை உடம்புக்கு ஆகிறது, தண்ணீர் மட்டும் தொண்டைக்கு ஆகாது. எனக்கு அது பழகிவிட்டது. அவளுக்குப் பழகவில்லை. நீங்கள் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் முனைக்கடையில் நின்று சோடா வாங்கிக் குடித்தீர்கள். அதையும் பார்த்தாள்.

ஒரு நாள் வாருங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன். வர முடியாவிட்டால் அவளுடைய படிப்புச் சான்றிதழ்களையும் கம்பளிச் சால்வையையும் பார்சலில் அனுப்புங்கள். போகிற ஊரில் குளிர் அதிகமாம்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 9

அம்மையாருக்கு,

கடிதம் கிடைத்தது. பாப்பா கேட்ட சான்றிதழ்களையும் சால்வையையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அந்துருண்டை வாசனை அடித்தால் ஒரு நாள் வெயிலில் போடச் சொல்லவும்.

அன்றைக்கு நான் உண்மையாகவே குடித்துவிட்டுத்தான் வந்தேன். சோடா குடித்தது வயிறு சரியில்லாததால். இதற்குமேல் அதைப்பற்றி எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

நான் இப்போது வர முடியாத நிலையில் இருக்கிறேன். சாக்குச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் கோயிலைப் புதுப்பித்து முடிக்கப் போகிறார்கள். அந்த நாளில் சபையில் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படம் கொடுப்பதாகத் தீர்மானம். போதகர் என்னிடம்தான் கொடுத்திருக்கிறார். கிணற்றடியில் இயேசுவும் சமாரியப் பெண்ணும். அவர் நடந்து களைத்துக் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவள் தண்ணீர் எடுக்க வருகிறாள். அவர் ஆட்களும் அவள் ஆட்களும் ஒரு பாத்திரத்தில் புழங்காதவர்கள். இருந்தும் அவர் அவளிடம் தண்ணீர் கேட்கிறார். உங்களுக்கும் தெரிந்த கதைதான்.

செப்புத் தகட்டில் உளியால் ஒவ்வொரு கோடாகக் கீற வேண்டிய வேலை இது. கீறிய பள்ளத்தில் மை ஏற்றி, ஈரக் காகிதத்தை வைத்து, உருளையில் கொடுத்து அழுத்தினால்தான் படம் வரும். தகட்டில் வலப்பக்கம் இருப்பது காகிதத்தில் இடப்பக்கம் வரும். அதனால் வரைந்த படத்தைக் கண்ணாடியில் காட்டி, அதில் தெரிகிறபடி இடம் வலம் மாற்றிச் செதுக்குவோம். இதுவரை எனக்குக் கண்ணாடி பிடித்தவள் பாப்பா. கை அசையாமல் எவ்வளவு நேரமானாலும் பிடிப்பாள். இப்போது மை டப்பாவில் சாய்த்து வைத்து வேலை செய்கிறேன். அது வழுக்கி வழுக்கி விழுகிறது. உங்கள் மகன் என் அச்சு உருளைக்கு மோட்டார் வைத்துத் தருகிறேன் என்று வந்தார். வைத்தார். பிறகு கோளாறு பார்க்க என்று வாரத்துக்கு ஒரு முறை வந்தார். மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை என்பது எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது. மோட்டார் இப்போதும் நன்றாக ஓடுகிறது. கண்ணாடி பிடிக்கத்தான் ஆள் இல்லை.

அதன் பலனும் வந்துவிட்டது. முதல் சோதனை அச்சு எடுத்துப் பார்த்தால் அந்தப் பெண் இடது கையால் தண்ணீர் நீட்டுகிறாள். இத்தனை வருஷ வேலையில் எனக்கு இப்படி நடந்ததில்லை. போதகர் பார்த்ததும் முகம் சுளித்தார். தெய்வத்துக்கு இடது கையால் கொடுப்பதுபோல் ஒரு படத்தை வீடு வீடாக எப்படிக் கொடுப்பது என்றார். நியாயம்தான். கையைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி செதுக்க வேண்டும்.

பாப்பாவின் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும்.

இப்படிக்கு,
தகட்டுக்காரன்


பிப்ரவரி 13

சம்பந்தி ஐயாவுக்கு,

பார்சல் வந்து சேர்ந்தது. சான்றிதழ்கள் பத்திரம். சால்வையை வெயிலில் போட்டாயிற்று.

நீங்கள் அந்தச் சால்வையைச் சுற்றியிருந்த காகிதத்தைப்பற்றித்தான் எழுத வேண்டும். வீணான அச்சு என்று எடுத்துச் சுற்றியிருப்பீர்கள். என் கண்ணுக்கு எந்தச் சுருக்கம் தெரிந்தாலும் கை இஸ்திரிப் பெட்டியைத் தேடிப் போய்விடும். காகிதம்தானே என்று விட மனசு வரவில்லை. மேலே ஒரு துணியைப் போட்டு, லேசான சூட்டில் தேய்த்தேன். சுருக்கமெல்லாம் போய்ப் பார்த்தால், கிணறு, மரம், தூரத்தில் ஊர், உட்கார்ந்திருக்கிற அவர், நிற்கிற அவள்.

மருமகள் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு போய்த் துணி உலர்த்தினாள். உலர்ந்த துணியையே திரும்ப உலர்த்திக்கொண்டிருந்தாள்.

ஐயா, ஒன்று கேட்கிறேன். கை தவறிப்போய் இடது கை விழுந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் அவள் எனக்குத் தண்ணீர் கொடுத்ததைச் சொல்கிறேன். இடது கையால்தான் நீட்டினாள். பக்கத்து வீட்டுக்காரி இருந்தாள். "என்ன, மாமியாருக்குப் பீச்சாங்கையா?" என்று சிரித்தாள். மருமகள் சட்டென்று டம்ளரைக் கை மாற்றினாள், பாதித் தண்ணீர் என் புடவையில். நான்தான் சொன்னேன், "எந்தக் கைல குடுத்தா என்ன, தாகம் அடங்கினா சரி." அன்றிலிருந்து இந்த வீட்டில் அவள் இடது கையால்தான் கொடுக்கிறாள். கட்டை விரலை டம்ளரின் விளிம்புக்கு மேலே தூக்கி வைத்துக்கொள்வாள், தண்ணீரில் படக்கூடாதென்று. உங்கள் படத்தில் இருப்பவளின் கட்டை விரலைப் பாருங்கள். அப்புறம் சொல்லுங்கள், கண்ணாடி வழுக்கியதா என்று.

இன்னொன்று. இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா தெரியாது, சொல்லிவிடுகிறேன். அவள் அவ்வளவு தூரம் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அவரோ இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வாய்விட்டுத் தண்ணீர் கேட்டவர் அப்படியா உட்கார்ந்திருப்பார்? படத்தைப் பார்த்ததும் எனக்கு எங்கள் வீட்டு நாற்காலியும் நீங்களும்தான் ஞாபகத்துக்கு வந்தீர்கள். அன்றைக்கு நீங்களும் அப்படியேதான் கையைக் கோத்து மடியில் வைத்திருந்தீர்கள்.

கடையில் மாட்டலாம் என்று ஆணியைத் தேடினேன். மருமகள் தடுத்துவிட்டாள். "அவர் மடியிலேருந்து கையை எடுக்கட்டும் அத்தை. அப்புறம் மாட்டலாம்."

எந்த அவரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

சம்பந்தி


பிப்ரவரி 17

அம்மையாருக்கு,

என் வேலையைப்பற்றி யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் காகிதம் சால்வை சுற்ற அனுப்பியது, பார்த்துக் கருத்துச் சொல்ல அனுப்பியதல்ல. தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடவும். போதகர் ஒப்புக்கொள்ளாத ஒரு படம் வெளியே உலவுவது எனக்கு நல்லதல்ல.

கை மடியில் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அவர் தண்ணீர் கேட்டார் என்று வேதத்தில் இருக்கிறது. குடித்தார் என்று எங்கும் இல்லை. வேண்டுமானால் எடுத்துப் படித்துப் பாருங்கள். பேச்சு நீள்கிறது. அவள் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஊருக்குள் ஓடுகிறாள். அவர் ஒரு வாய் குடித்தாரா இல்லையா என்று ஒரு வரி கிடையாது. எழுதாததை நான் எப்படிச் செதுக்குவது? போதகரும் இதையேதான் சொன்னார்.

நீங்கள் குத்திக்காட்டிக்கொண்டே இருக்கிறீர்கள். என் பக்கத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பாப்பாவின் அம்மா போன பிறகு நானும் அவளும் மட்டும்தான். சாப்பிட்டாயா என்று கேட்க இந்த வீட்டில் வேறு வாய் இல்லை. ஒரு நாள் சாயங்காலம் அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, பதிவு அலுவலகத்தில் நாள் குறித்தாகிவிட்டது என்கிறாள். என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள். எங்கள் தெருவில் நான் தலைகாட்ட முடியாமல் இருந்தேன். அப்படியும் பழத்தை வாங்கிக்கொண்டு உங்கள் வீடு தேடி வந்தேன். அது யார் கண்ணிலும் படவில்லை. குடிக்காத தண்ணீர் மட்டும் எல்லார் கண்ணிலும் பட்டுவிட்டது.

தகட்டுக்காரன்


பிப்ரவரி 21

சம்பந்தி ஐயாவுக்கு,

படத்தைத் திருப்பி அனுப்ப மாட்டேன். அது என் பெட்டிக்குள் புடவைகளுக்கு நடுவில் சுருக்கமில்லாமல் இருக்கிறது. வேண்டுமானால் நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் வந்தது என் கண்ணில் படாமல் இல்லை. நன்றாகவே பட்டது. அந்தத் தெருவிலிருந்து எங்கள் தெருவுக்கு ஒரு ஆண்பிள்ளை பழப்பையோடு நடந்து வருவது லேசா? எத்தனை பேர் என்னென்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? அதை அன்றைக்கே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதனால் சொல்லவில்லை.

ஏன் ஓடவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வருகிறீர்கள் என்று தெரிந்ததும் கடைக்குப் போய்ப் புதிதாக ஒரு கண்ணாடி டம்ளர் வாங்கினேன். நாங்கள் வாய் வைத்த பாத்திரம் வேண்டாம், யாரும் தொடாத புதுசு என்றால் குடிப்பீர்களோ என்று ஒரு ஆசை. அடியில் ஒட்டியிருந்த சீட்டு சரியாக உரியவில்லை. நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கும்போதே வாசலில் உங்கள் குரல் கேட்டது. அந்தப் பசை கையில் பிசுபிசுக்கத்தான் உங்களுக்குத் தண்ணீர் நீட்டினேன். நீங்கள் வேண்டாம் என்றதும் எனக்குக் கோபம் வரவில்லை, ஐயா. வெட்கமாக இருந்தது. என் வீட்டிலேயே என்னை நான் ஒரு படி கீழே இறக்கி வைத்துவிட்டேனே என்று. அந்த டம்ளர் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அதில் யாரும் குடிக்கவில்லை. அடுத்த முறை அதில் கொடுக்க மாட்டேன். நாங்கள் குடிக்கிற டம்ளரில்தான் கொடுப்பேன். முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

வேதத்தில் எழுதவில்லை என்று சொன்னீர்களே. நானும் எடுத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னது சரி. எழுதவில்லை. ஆனால் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நடந்து களைத்த மனுஷன், உச்சி வெயிலில், கிணற்றடியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்கிறார். அவள் கொடுத்திருந்தால் குடித்திருப்பார், இதை எழுத வேறு வேண்டுமா என்று எழுதினவர் விட்டிருப்பார். என் மகன் பசிக்கிறது என்று வந்தான், சோறு போட்டேன் என்று நான் உங்களுக்கு எழுதினால், அவன் சாப்பிட்டானா என்று நீங்கள் கேட்பீர்களா?

விமானச் சீட்டு வந்துவிட்டது. மருமகள் பெட்டி அடுக்கத் தொடங்கிவிட்டாள். அடுக்கும்போது உங்கள் பெயரை எடுத்தால் மட்டும் பெட்டியை மூடிவிட்டு எழுந்து போகிறாள். அவளும் உங்களை மாதிரிதான், பிடித்தால் பிடித்த பிடி. இரண்டு பேருக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டு நான்தான் முழிக்கிறேன். இப்படியே போய்விட்டால் அவளும் அங்கே நிம்மதியாக இருக்க மாட்டாள், நீங்களும் இங்கே இருக்க மாட்டீர்கள்.

சம்பந்தி


மார்ச் 11

சம்பந்தி அம்மாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கோபத்தால் அல்ல. எழுதுவதற்குள் ஒரு வேலையை முடிக்க வேண்டியிருந்தது.

உங்கள் கடிதம் வந்த மறுநாள், சமாரியப் பெண்ணின் கையைச் சுரண்டலாம் என்று தகட்டை மேஜையில் வைத்தேன். சுரண்டும் முன் ஒரு தடவை மூலப் படத்தைப் பார்த்துவிடலாம் என்று தேடி எடுத்தேன். போன வருஷம் பென்சிலில் வரைந்தது. பார்த்தால், அதிலும் அவள் இடது கையால்தான் கொடுக்கிறாள். கட்டை விரல் விளிம்புக்கு மேலே. மரம், கிணற்றுத் தூண், ஊருக்குப் போகிற பாதை எல்லாம் வரைந்தபடியே, வலம் இடம் சரியாகத்தான் அச்சில் வந்திருக்கின்றன. கண்ணாடி வழுக்கியது உண்மை. தப்பு அதில் இல்லை. தண்ணீர் கொடுக்கிற பெண் என்று நினைத்ததும் என் கை தானாகப் பாப்பாவை வரைந்திருக்கிறது. வரைந்தவன் எனக்கே அது தெரியவில்லை. நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது.

அந்தக் கையை நான் சுரண்டவில்லை.

மற்றதைச் சுரண்டினேன். மடியில் இருந்த அவருடைய வலது கையை. செம்பில் ஒரு கோட்டை எடுப்பது, போடுவதைவிடப் பெரிய பாடு. சுரண்டினால் அந்த இடம் குழிந்துவிடும். தகட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்திலிருந்து சின்னச் சுத்தியால் தட்டித் தட்டி மேடாக்கி, மறுபடி மழமழவென்று தேய்த்து, அதற்குமேல் புதுக் கோடு போட வேண்டும். அந்தக் கை இப்போது மடியிலிருந்து எழுந்து அவள் பக்கம் நீண்டிருக்கிறது. டம்ளரைத் தொடவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினால் தொட்டுவிடும்.

எவ்வளவு தேய்த்தும் பழைய கை முழுசாகப் போகவில்லை. அச்சில் மடிமேல் நிழல் மாதிரி லேசாகத் தெரிகிறது. தெரிந்தவர்கள் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சபைக் கமிட்டி கூடியது. அவளுடைய கையை மாற்ற முடியாது என்றேன். காரணம் கேட்டார்கள். என் மகள் இப்படித்தான் கொடுப்பாள் என்றேன். உன் மகள் எங்கே இருக்கிறாள் என்பது எங்களுக்குத் தெரியாதா என்று ஒருவர் கேட்டார். முன்பு என்றால் தலையைக் குனிந்திருப்பேன். "தெரிஞ்சா நல்லதுதான். எனக்கும் அங்கதான் போகணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வேலை கைவிட்டுப் போனது. அச்சகத்தில் ஏதோ வண்ணப் படம் அடித்துக் கொடுக்கப் போகிறார்களாம். மறுநாள் போதகர் தனியாக வந்தார். உட்காரச் சொன்னேன். தமக்கென்று ஒரு பிரதி கேட்டு வாங்கிப்போனார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். உங்களிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன்.

சோடா குடித்தது வயிற்றுக்காக அல்ல. தாகத்துக்காகத்தான்.

ஒரு சின்ன விசாரிப்பு. மதியம் வருகிற அந்த பஸ் இப்போதும் உங்கள் தெருமுனையில் நிற்கிறதா?

தகட்டுக்காரன்


மார்ச் 14

சம்பந்தி ஐயாவுக்கு,

நிற்கிறது. நிறுத்தாவிட்டால் நான் குறுக்கே நின்று நிறுத்துகிறேன்.

மருமகளிடம் சொல்லவில்லை. சொன்னால் எங்கேயாவது வெளியே கிளம்பிப் போய்விடுவாள். நீங்கள் பாட்டுக்கு வாருங்கள்.

சம்பந்தி


மார்ச் 20

சம்பந்தி ஐயாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? சட்டையின் முன்பக்கம் அவ்வளவு நனைந்திருந்ததே, பஸ்ஸில் காய்ந்ததா?

அன்றைக்கு நான் உங்களை அவ்வளவு நேரம் வெறும் வாயோடு உட்கார வைத்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதம். வேண்டுமென்றே செய்தாள், பழி தீர்த்துக்கொண்டாள் என்று நினைத்திருப்பீர்கள். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டீர்கள். "தாகமா இருக்கு சம்பந்தி. கொஞ்சம் தண்ணி குடுங்க." என் காதில் விழுந்தது, நம்பத்தான் முடியவில்லை. உள்ளே ஓடிப் போய்ப் பானையைச் சாய்த்தேன். காலி. குழாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. காலையில் வந்த தண்ணீரையெல்லாம் துவைக்கிற தொட்டியில் நிரப்பி வைத்திருந்தேன், அத்தனையிலும் சோப்பு. எங்கள் வீட்டில் தண்ணீர் கேட்டு நீங்கள் வந்த நாளிலா இப்படி என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. பின்வாசல் வழியாகக் குடத்தை எடுத்துக்கொண்டு தெருப் பம்புக்கு ஓடினேன்.

பம்படியில் ஏழெட்டுப் பெண்கள். வரிசை. "சம்பந்தி வந்திருக்கார், தண்ணி கேக்கறார்" என்றேன். எந்தச் சம்பந்தி என்றார்கள். சொன்னேன். பம்பு அடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். நிஜமாகவா, அவர் வாயாலேயே கேட்டாரா என்று ஆளுக்கு ஒரு கேள்வி. பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் மருமகள் ஞாபகம் வந்தது. அவள் தையல்கடையில் குளிர்கோட்டுக்கு அளவு கொடுக்கப் போயிருந்தாள். அவள் இல்லாமல் இது என்ன தண்ணீர் என்று குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். குடத்தைப் போட்டுவிட்டு ஓடினவள் நான் ஒருத்திதான் என்று இல்லை, உங்களுக்கே தெரியும்.

தையல்கடையில் அவளிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். தோளில் அளவு நாடா தொங்கத் தொங்க எனக்கு முன்னால் பம்படிக்குப் போனாள். பெண்கள் எங்கள் குடத்தை நிரப்பி வைத்திருந்தார்கள். அவளே தூக்கிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். அவள் இடது கையால் நீட்டினாள், நீங்கள் அவசரமாக வாங்கிக் குடித்தீர்கள், பாதி சட்டைக்குப் போனது. ஜன்னலில் எட்டிப் பார்த்த தலைகளுக்கு நான் பொறுப்பல்ல.

நீங்கள் கொண்டுவந்த படத்தைக் கடையில், காசுப்பெட்டிக்கு மேலே மாட்டியிருக்கிறோம். ஆணி அடித்தது மருமகள்தான். துணி கொடுக்க வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். மடிமேல் அந்த நிழலைக் கண்டுபிடித்து, இது என்ன கறையா என்று ஒரு அம்மா கேட்டார். கறைதான், துவைத்தும் முழுசாகப் போகவில்லை என்றேன்.

நீங்கள் பஸ் ஏறிப் போன பிறகு நடந்ததை எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அவள் டம்ளரைக் கழுவாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். என்னம்மா, இப்பவாவது மனசு ஆறிச்சா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள்.

"முதல் டம்ளர் நமக்காகக் குடிச்சார் அத்தை. அது எனக்குத் தெரியும். அப்புறம் இன்னொரு டம்ளர் கேட்டார் பாருங்க, அது தாகத்துக்கு."

சொல்லிவிட்டு அழுதாள். இந்த வீட்டுக்கு வந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. நானும் கூடவே அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் அவள் உங்கள் வீட்டுக்கு வருகிறாள். புறப்படும் நாள்வரை அங்கேதான் இருப்பாளாம். கண்ணாடியைத் துடைத்து வையுங்கள், பிடிக்க ஆள் வருகிறது. என் மகன் பின்னால் வருவான். மோட்டாரில் ஏதோ கோளாறு இருக்கிறதாம்.

நானும் கூட வருகிறேன். எனக்கு வழியிலேயே தாகம் எடுக்கும், இப்போதே சொல்லி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி